கையில் ஒரு ரோமானியக் காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பக்கம் பழங்காசு சேர்க்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் ரோமானியக் காசில் வந்து நிற்பார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். காசைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் முதலில் கேட்பது "இது எந்த ராஜா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். உலோகம், எடை, எழுத்து, பின்பக்கத்து உருவம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ராஜா தானாக வெளியே வருவார். முகத்தில் தொடங்கினால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும்.

ரோமானியப் பேரரசுக் காசு என்று எவற்றைச் சொல்கிறோம்?

கி.மு. 27இல் முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சிப் பொறுப்புக்கு வந்ததிலிருந்து அடிக்கப்பட்டவற்றை. அதற்கு முந்தையவை ரோமக் குடியரசுக் காசுகள். அது தனிக் கிளை. மேற்கில் பேரரசு வீழ்ந்த 5ஆம் நூற்றாண்டு வரைக்கும் இந்த வரிசை போகிறது. அப்புறம் கிழக்கே தொடர்ந்த பேரரசில் வருபவற்றைப் பைசாந்தியக் காசுகள் என்று பிரித்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. பேரரசரின் தலை இருந்து, சுற்றியுள்ள எழுத்து கிரேக்கமாக இருந்தால், அது பெரும்பாலும் கிழக்கு மாகாண நகரங்கள் தங்கள் புழக்கத்துக்கு அடித்துக்கொண்ட காசு. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்தவை இந்த வகைதான். அவற்றுக்குப் பட்டியலும் வேறு, எடைக்கணக்கும் வேறு.

காசு கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எடை போடுங்கள். பத்து மில்லிகிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று போதும். அப்புறம் குறுக்களவை அளந்து, இரண்டையும் எழுதி வையுங்கள்.

அகஸ்டஸ் காலத்து ஏற்பாடு இது: ஒரு ஔரியஸ் பொற்காசுக்கு 25 டெனாரியஸ் வெள்ளிக்காசு. ஒரு டெனாரியஸுக்கு 4 செஸ்டர்டியஸ். ஒரு செஸ்டர்டியஸுக்கு 2 டுபாண்டியஸ். ஒரு டுபாண்டியஸுக்கு 2 ஆஸ். செஸ்டர்டியஸும் டுபாண்டியஸும் பித்தளை, ஆஸ் செம்பு. அரபு நாடுகளில் இன்றும் புழங்கும் தினார் என்ற பெயர் டெனாரியஸிலிருந்து வந்ததுதான்.

எடையை நம் கைப்பழக்கத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். தொடக்க கால ஔரியஸ் கிட்டத்தட்ட நம் ஒரு பவுன்: 7.8 கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். டெனாரியஸ் சுமார் 3.9 கிராம், 2011இல் வந்த ஒரு ரூபாய்க் காசு 3.79 கிராம் என்பதால் கையில் அதே கனம்தான். ஆனால் குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர்தான் இருக்கும், தடிமன் கூடுதல். செஸ்டர்டியஸ் பெரிய ஆள். 25 கிராம், 33 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் கை ஒரு கணம் தாழும்.

வெள்ளிக்காசு 3.9 இல்லாமல் 3.4 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கும் காரணம் உண்டு. கி.பி. 64இல் நீரோ எடையைக் குறைத்தார். அதுவரை ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 டெனாரியஸ் அடித்தார்கள். அவர் 96 அடிக்கச் சொன்னார். வெள்ளியின் சுத்தமும் குறைந்தது. ஆக, தராசு ஒன்றே உங்கள் காசை நீரோவுக்கு முன், பின் என்று ஓரளவுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். தேய்மானத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி மாதிரி இருக்கிறது, ஆனால் வெள்ளி இல்லை என்கிறார்கள். ஏன்?

மூன்றாம் நூற்றாண்டுக் காசாக இருக்கலாம். கி.பி. 215இல் கராகல்லா ஒரு புதுக் காசைக் கொண்டுவந்தார். இன்று அதை அன்டோனினியானஸ் என்கிறோம். இரண்டு டெனாரியஸ் மதிப்பு என்று பொதுவாகக் கருதப்படும் அந்தக் காசில் வெள்ளி இரண்டு டெனாரியஸ் அளவுக்கு இல்லை. போர், உள்நாட்டுச் சண்டை, படைக்குச் சம்பளம் என்று செலவு ஏற ஏற வெள்ளி இறங்கிக்கொண்டே போனது. 260களின் கடைசியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. செம்புக் காசுக்கு மேலே வெள்ளிப் பூச்சு. அந்தப் பூச்சு இன்று திட்டுத் திட்டாகத்தான் மிஞ்சியிருக்கும். கி.பி. 274இல் அவுரேலியன் சீர்திருத்தினார். அவருடைய காசுகள் பலவற்றில் பின்பக்கத்து அடியில் எக்ஸ்எக்ஸ்ஐ, அதாவது 21 என்ற குறி இருக்கும். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

இது தவிர அந்தக் காலத்துக் கள்ளக்காசுகளும் உண்டு: செம்பு வில்லையின் மேல் மெல்லிய வெள்ளித் தகடு போர்த்தி அடித்தவை. லென்ஸை விளிம்பிலும் மூக்கு நுனியிலும் ஓட்டிப் பாருங்கள். தேய்ந்த இடத்தில் வெள்ளி உரிந்து, உள்ளேயிருந்து பச்சைக் களிம்பு கொப்பளம் மாதிரி வெளியே வந்திருக்கும். அது கள்ளக்காசானாலும் பழங்காசுதான், தூக்கி எறியாதீர்கள்.

தலையில் இருக்கும் கிரீடத்துக்கு அர்த்தம் உண்டா?

உண்டு, மிக முக்கியமான அர்த்தம். கதிர் கதிராக நீட்டிக்கொண்டிருக்கும் சூரியக் கிரீடம் இருந்தால் பெரும்பாலும் "இரட்டை மதிப்பு" என்று படிக்க வேண்டும். நீரோ காலத்திலிருந்து டுபாண்டியஸுக்கும் ஆஸுக்கும் இதுதான் அடையாளம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. மண்ணுக்குள் கிடந்து கறுத்த பிறகு பித்தளை எது, செம்பு எது என்று கண்ணுக்குத் தெரியாது. கதிர்க் கிரீடம் என்றால் டுபாண்டியஸ், இலைமாலை அல்லது வெறுந்தலை என்றால் ஆஸ் என்று பொதுவாகக் கொள்ளலாம். அதேபோல அன்டோனினியானஸில் கதிர்க் கிரீடம், டெனாரியஸில் இலைமாலை. அரசியர் காசில் கதிர்க் கிரீடம் இருக்காது. அன்டோனினியானஸாக இருந்தால் தோளுக்குக் கீழே பிறை ஒன்று இருக்கும்.

முத்துக் கோத்த பட்டம் தலையில் கட்டியிருந்தால் கான்ஸ்டன்டைன் காலம் அல்லது அதற்குப் பிந்தையது.

சுற்றியுள்ள எழுத்துகளைப் படிக்க லத்தீன் தெரிய வேண்டுமா?

வேண்டாம். பத்துப் பன்னிரண்டு சுருக்கங்கள் தெரிந்தால் பெரும்பாலான காசுகளைப் படித்துவிடலாம். ஆங்கில எழுத்துகள் தெரிந்தவருக்கு எழுத்து புதிதல்ல. இரண்டை மட்டும் மனத்தில் வையுங்கள்: "யூ" எழுத்து கிடையாது, அதன் இடத்தில் "வி" இருக்கும்; சொற்களுக்கு நடுவே பெரும்பாலும் இடைவெளி இருக்காது. எழுத்து பெரும்பாலும் கீழே இடப்பக்கம், கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்தில் தொடங்கி வலமாகச் சுற்றும்.

ஐஎம்பி என்றால் இம்பெராட்டர், படைத்தலைவர் என்ற பட்டம். சீசர் என்பது முதலில் குடும்பப் பெயர், பிறகு இளவரசுப் பட்டம். ஏவிஜி என்றால் அகஸ்டஸ், பேரரசர். இந்த ஏவிஜியைப் பார்த்துவிட்டு "அகஸ்டஸ் காசு கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து வருபவர்கள் நிறையப் பேர். அவருக்குப் பின் வந்த எல்லாப் பேரரசர்களும் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். கடைசி எழுத்து இரட்டித்து ஏவிஜிஜி என்று வந்தால் இரண்டு பேரரசர்கள், மூன்று ஜி வந்தால் மூன்று பேரரசர்கள் சேர்ந்து ஆண்ட காலம்.

பிஎம் என்றால் தலைமைக் குரு. டிஆர்பி என்றால் மக்கள் தீர்ப்பாளர் அதிகாரம். சிஓஎஸ் என்றால் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி. பிபி என்றால் நாட்டின் தந்தை. செம்பு, பித்தளைக் காசுகளின் பின்பக்கத்தில் பெரிதாக எஸ்சி என்று இருந்தால் செனட் சபையின் ஆணைப்படி என்று பொருள். டிஎன் என்று தொடங்கினால் "நம் பெருமான்" என்ற பட்டம். நான்காம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டீர்கள்.

பேரரசர் டிராஜன் காசுகளில் ஒரு அழகு உண்டு. பலவற்றில் அவர் பெயர் "டிராயானோ" என்று முடியும். நம் இலக்கணத்தில் சொன்னால் நான்காம் வேற்றுமை: டிராஜனுக்கு. பின்பக்கத்தில் அதன் தொடர்ச்சி இருக்கும்: செனட்டும் ரோம மக்களும், மிகச் சிறந்த தலைவருக்கு. தலைப்பக்கத்தையும் பூப்பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் வாக்கியம் முடிகிறது.

காசில் வருடம் போடவில்லையே, தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஆர்பிக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். அந்த அதிகாரத்தைப் பேரரசர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்வார், எண் ஒன்று கூடும். அன்டோனினஸ் பயஸ் காசில் டிஆர்பி 17 என்று இருந்தால், அது கி.பி. 153 டிசம்பருக்கும் 154 டிசம்பருக்கும் நடுவே அடித்தது. கான்சல் எண்ணும் உதவும், ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு ஏறாது. அதே பயஸ் கி.பி. 145இல் நான்காம் முறை கான்சல் ஆனார். 161இல் இறக்கும் வரை காசில் 4 என்றே இருக்கும். வெஸ்பாசியன் வேறு மாதிரி, அடிக்கடி கான்சல் ஆனவர்: 5 என்றால் கி.பி. 74, 6 என்றால் 75, 7 என்றால் 76.

எண்ணே இல்லாவிட்டாலும் பட்டம் காட்டிக்கொடுக்கும். "நாட்டின் தந்தை" என்ற பட்டம் அகஸ்டஸுக்குக் கி.மு. 2இல் கிடைத்தது. அந்தச் சொல் இருக்கும் அகஸ்டஸ் காசு அதற்கு முன் அடித்ததாக இருக்கவே முடியாது.

பெயரைப் படித்துவிட்டேன், ஆனால் அப்படி ஒரு ராஜா பட்டியலில் இல்லையே?

நமக்குப் பழக்கமான பெயர்களில் சில பட்டப்பெயர்கள். கலிகுலா என்றால் "குட்டிச் செருப்பு". சிறுவயதில் படைமுகாமில் வீரர்கள் வைத்த செல்லப்பெயர். காசில் அவர் வெறும் சி சீசர். கராகல்லா என்பது அவர் போட்டுக்கொண்ட மேலங்கியின் பெயர். காசில் அவர் அன்டோனினஸ்.

அந்த அன்டோனினஸ்தான் பெரிய தலைவலி. அன்டோனினஸ் பயஸ், மார்கஸ் அவுரேலியஸ், கராகல்லா, எலகாபாலஸ் நால்வரும் அந்தப் பெயரில் காசு அடித்தார்கள். தாடி வைத்த, அமைதியான முகம் என்றால் முதல் இருவரில் ஒருவர். மார்கஸின் காசில் பெரும்பாலும் எம் அன்டோனினஸ் என்று "எம்" சேர்ந்து வரும். பின்னவர் இருவரையும் பிரிப்பது கடினம், எழுத்துகூட சில காசுகளில் அப்படியே ஒன்றாக இருக்கும். எலகாபாலஸ் காசுகள் பலவற்றின் பின்பக்கத்தில் வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரம் உண்டு. வெள்ளி டெனாரியஸில் அந்தப் பெயரும் இளைஞன் முகமும் தெரிந்தால் நான் முதலில் நட்சத்திரத்தைத்தான் தேடுவேன்.

பின்பக்கத்தில் எப்போதும் ஒரு பெண் நிற்கிறாளே, யார் அவள்?

கையில் வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி என்று சிலையைப் பார்த்துச் சொல்கிறோமே, அதே வழிதான். முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். தராசு என்றால் நேர்மைத் தேவி அல்லது பணச்சாலைத் தேவி மொனேட்டா. சிறகு இருந்தால் வெற்றித் தேவி. ஆலிவ் கிளை என்றால் அமைதி. பாம்புக்கு ஊட்டினால் சாலஸ், உடல்நலம். ஒரு கையில் பூ, மறு கையால் பாவாடையைச் சற்றே தூக்கி நடந்தால் நம்பிக்கைத் தேவி ஸ்பெஸ். தானியப் படி பக்கத்தில் இருந்தால் அன்னோனா, ரோம் நகரத்தின் உணவு வழங்கல். இந்தப் பெண்கள் எல்லாரும் அரசு மக்களுக்குச் சொல்ல நினைத்த செய்திகள். படைகளின் விசுவாசம் என்று ஒரு பேரரசர் திரும்பத் திரும்பக் காசில் அடித்தால், அந்த விசுவாசம் அப்போது ஆட்டம் கண்டிருக்கலாம்.

சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செப்புக்காசு, இரண்டு வீரர்கள் நிற்கிறார்கள். இது என்ன?

அநேகமாகக் கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசு, "படையின் புகழ்" என்று எழுதியிருக்கும். வீரர்களுக்கு நடுவே எத்தனை கொடிக்கம்பம் என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் கி.பி. 330 முதல் 335 வரை. ஒன்று என்றால் அதற்குப் பின். காசைச் சிறிதாக்கியபோது ஒரு கம்பத்தையும் எடுத்துவிட்டார்கள்.

அதே காலத்தில் பேரரசர் முகமே இல்லாத காசும் வந்தது: தலைப்பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோம் நகரத் தேவி, பின்பக்கம் ஓநாயும் அதனிடம் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகளும். இதில் ராஜாவைத் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

இந்தக் காசுகளின் பின்பக்கத்தில் அடிக்கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்து எந்த ஊர்ப் பணச்சாலையில் அடித்தது என்று சொல்லும். டிஆர் என்றால் ட்ரியர், ஏஎன்டி அந்தியோக்கியா, ஏஎல்இ அலெக்சாந்திரியா, எஸ்ஐஎஸ் சிசியா. இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு: சிஓஎன்எஸ் என்றால் கான்ஸ்டான்டிநோபிள், ஆனால் கூட ஒரு டி சேர்ந்து சிஓஎன்எஸ்டி என்றால் பிரான்ஸில் இருக்கும் ஆர்ல். அந்த ஊருக்கு அப்போது கான்ஸ்டான்டினா என்று பெயர் மாற்றியிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் கிடைப்பவை எந்தக் காலத்தவை?

வெள்ளியில் பெரும்பங்கு அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். அதுவும் குறிப்பாக இரண்டு வகை.

முதல் வகையில் தலைப்பக்கம் அகஸ்டஸ், பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் எதிரே பார்த்து நிற்பார்கள், நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். அவர்கள் கையஸும் லூசியஸும், அகஸ்டஸ் தத்தெடுத்த பேரப்பிள்ளைகள். இருவருமே தாத்தாவுக்கு முன்னால் இறந்துபோனார்கள், லூசியஸ் கி.பி. 2இல், கையஸ் கி.பி. 4இல். இரண்டாவது வகையில் தலைப்பக்கம் டைபீரியஸ், "தெய்வமான அகஸ்டஸின் மகன்" என்ற எழுத்தோடு. பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. டைபீரியஸின் தாய் லிவியா என்று சொல்வார்கள். இரண்டும் பிரான்ஸில் இன்றைய லியோன் நகரில், அன்றைய லுக்டூனத்தில், அடித்தவை. அங்கிருந்து கொங்கு நாட்டுக்கு வந்திருக்கின்றன.

நீரோ எடையைக் குறைத்த பிறகு வந்த வெள்ளிக்காசுகள் இங்கே மிகக் குறைவு. பழைய, கனமான காசைத்தான் நம் வணிகர்கள் விரும்பினார்கள் என்பது பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

செப்புக்காசுகள் வேறு கதை. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரைப் பகுதியிலும் கிடைப்பவை பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னக் காசுகள். நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். இலங்கையிலும் இந்தச் சின்னக் காசுகள் ஏராளம். அங்கே அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த நகல்களும் கிடைக்கின்றன. நகல்களில் எழுத்து எழுத்தாக இருக்காது, கோடும் புள்ளியுமாகத்தான் இருக்கும்.

பொற்காசுகளில் ராஜா முகத்தில் ஒரு வெட்டு இருக்கிறதே?

புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸிலிருந்து வெஸ்பாசியன் வரை. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரே வெட்டு. தங்கம்தானா என்று சோதிக்க ஓரத்தில் கீறினால் போதும்; இது வேண்டுமென்றே முகத்தைக் குறிவைத்தது. வேற்று ராஜாவின் முகத்தை நீக்கி, இனி இது நாணயமல்ல, எடைப் பொன் என்று ஆக்கியதாக ஒரு விளக்கம் உண்டு. எனக்கும் அதுதான் ஏற்புடையது. வெட்டுப்பட்ட காசு மதிப்புக் குறைந்தது என்று நினைக்காதீர்கள். அந்த வெட்டில்தான் நம் ஊர்க்காரரின் கை தெரிகிறது. தென்னிந்தியாவில் கிடைத்த சில பொற்காசுகளில் துளையும் கம்பி வளையமும் இருக்கும். கழுத்தில் கோத்துப் போட்டிருக்கிறார்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் இரண்டு டைபீரியஸ் டெனாரியஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இரண்டிலும் கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரே கீறல், விளிம்பில் ஒரே இடத்தில் ஒரே பிளவு. ரோமானியக் காசு ஒவ்வொன்றும் கையால் சம்மட்டி கொண்டு அடித்தது. அச்சு ஒன்றாக இருக்கலாம், ஆனால் விளிம்பின் உருவமும் தேய்மானமும் ஒன்றாக இருக்கவே முடியாது. இரண்டும் ஒரே அசலிலிருந்து வார்த்த போலிகள். அன்று பட்ட வேதனையில் கற்ற பாடத்தை மறக்கவில்லை.

வார்த்த காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு ஓடும், அல்லது அதை அரம் கொண்டு ராவிய தடம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் குண்டூசி முனை அளவுக்குக் குமிழிக் குழிகள். எழுத்தின் ஓரம் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். அடித்த காசில் எழுத்தின் அடிப்பகுதி கூர்மையாக எழும்பும், உலோகம் விளிம்பை நோக்கி வழிந்த கோடுகள் தெரியும். எடை மட்டும் சரியாக இருந்தால் நம்பிவிடாதீர்கள்.

களிம்பை எப்படிச் சுத்தம் செய்வது?

தயவுசெய்து செய்யாதீர்கள். குத்துவிளக்கைத் தேய்க்கிற பழக்கத்தில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். பார்க்கும்போது வயிறு எரியும். செம்பின் மேல் படிந்த கரும்பச்சைப் படலம் காசின் தோல். பல இடங்களில் எழுத்து அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. அது போனால் எழுத்தும் போய்விடும்.

மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஊறவைத்து, நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, மூங்கில் குச்சியால் மெல்ல நீக்குங்கள். வாரக்கணக்கில் ஆகும், பரவாயில்லை. வெளிர்பச்சையில் மாவு போலப் பொடி உதிர்ந்தால் அது நோய்; உள்ளே உப்பு இருந்து, ஈரம் பட்டு, உலோகத்தைத் தின்கிறது. அந்தக் காசைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பிவிசி உறைகள் எந்தக் காசுக்கும் ஆகாது.

நிலத்தில் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டத்தை விடுங்கள், கிடைத்த இடமும் கூடக் கிடைத்த பானையும் தெரியாமல் போனால் காசின் பாதி வரலாறு போய்விடும். ஒரே பானையில் எந்தெந்தக் காசுகள் சேர்ந்து கிடந்தன என்பதை வைத்துத்தான் புதைத்த காலத்தைக் கணிக்கிறோம்.

விலை எவ்வளவு போகும்?

பழமைக்கும் விலைக்கும் நேரான தொடர்பு இல்லை. நான்காம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. உலகச் சந்தையில் அவை மலிவு. அரிய பேரரசர், நல்ல நிலை, உறுதியான வரலாறு இவைதான் விலையை ஏற்றும்.

படங்களோடு ஒப்பிட எங்கே பார்ப்பது?

"ரோமன் இம்பீரியல் காயினேஜ்", சுருக்கமாக ஆர்ஐசி என்று சொல்லப்படும் பத்துத் தொகுதிப் பட்டியல்தான் எல்லோருக்கும் பொது அளவுகோல். அமெரிக்க நாணயவியல் கழகம் அதை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி ஆக்கியிருக்கிறது. மேலே சொன்ன கையஸ், லூசியஸ் டெனாரியஸ் அதில் முதல் தொகுதி, 207ஆம் எண். நேரில் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போங்கள். படத்தில் வராத கனமும் அளவும் அங்கே புரியும்.

காசு முழுக்கத் தேய்ந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

இருட்டறையில் வைத்து, கைபேசி விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் அடியுங்கள். காசை மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் காணாத மேடுகள் நிழலாக எழும்பும். முதலில் தாடை தெரியும். தாடி இருந்தால் பெரும்பாலும் ஹேட்ரியனோ அவருக்குப் பிந்தையவரோ, அதாவது கி.பி. 117க்குப் பின்; ஹேட்ரியனுக்கு முன் முழுத் தாடியோடு காசில் தோன்றிய பேரரசர் இல்லை. அப்புறம் கழுத்துக்குப் பின்னால் இலைமாலையின் முடிச்சு, பின்பக்கத்தில் நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்ற வெளிக்கோடு. என்னிடம் அப்படி ஒரு பித்தளைக் காசு இருக்கிறது: 22 கிராம், 31 மில்லிமீட்டர், ஒரு எழுத்துகூட இல்லை. மூன்று மாலைகள் விளக்கடித்துப் பார்த்த பிறகு அதன் அட்டையில் எழுதியது இவ்வளவுதான்: செஸ்டர்டியஸ், இரண்டாம் நூற்றாண்டு, தாடி வைத்த பேரரசர், பின்பக்கம் உட்கார்ந்த பெண்.